ரிவர் பிளேட் இரண்டாம் பிரிவில் ஆடிய 363 நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினா கால்பந்து என்றால் நம்மில் பலருக்கு மரடோனா, மெஸ்ஸி, உலகக் கோப்பை, அவ்வளவுதான். அந்த நாட்டு லீக் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, “ரிவர் பிளேட் ஒரு தடவை கீழே இறங்கிவிட்டதாமே, நிஜமா?” என்பதுதான். நிஜம்தான். 2011-12 சீசனை அவர்கள் இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். அந்த சீசனைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். “பெரிய அணி போனது, ஜெயித்தது, வந்தது” என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. அந்த ஒரு வருஷம் முழுக்கக் கத்தி மேல் நடந்த நடை.

இது எந்த லீக்?

பிரிமேரா பே நாசியோனால். அர்ஜென்டினாவின் இரண்டாம் பிரிவு. 1986-இல் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இரண்டாம் பிரிவு என்பது தலைநகர் புவனஸ் அயர்ஸையும் அதைச் சுற்றியும் இருந்த கிளப்புகளின் சமாசாரமாக இருந்தது. வடக்கே ஹூஹுய், மேற்கே மென்டோசா, தெற்கே பட்டகோனியா என்று தூர மாகாணங்களில் இருக்கும் அணிகளையும் சேர்த்து நாடு தழுவிய போட்டியாக ஆக்கியதால்தான் பெயரில் ‘நாசியோனால்’. இப்போது பெயரைக் கொஞ்சம் சுருக்கி பிரிமேரா நாசியோனால் என்கிறார்கள்.

ஸ்பானிய மொழியில் ‘பி’ எழுத்தை ‘பே’ என்று உச்சரிப்பார்கள். அதனால் ரசிகர்கள் பேச்சில் இந்தப் பிரிவுக்குப் பெயர் ‘லா பே’. இந்த ‘பே’ பிறகு பேயாகவே வந்து நிற்கப் போகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

ரிவர் பிளேட் உண்மையிலேயே அவ்வளவு பெரிய அணியா?

1901-இல் தொடங்கிய கிளப். கீழே இறங்கிய நாளில் அதன் வயது 110. அதுவரை 33 லீக் பட்டங்கள், அந்த நாட்டில் வேறு எந்த அணிக்கும் அவ்வளவு கிடையாது. 1986, 1996 என்று இரண்டு முறை, தென் அமெரிக்க கிளப்புகளின் மிகப் பெரிய கோப்பையான கோப்பா லிபர்டடோரெஸ். டி ஸ்டெஃபானோ, லபுரூனா, பிரான்செஸ்கோலி எல்லாம் அந்தச் சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் ஆடியவர்கள். 1930-களின் தொடக்கத்தில் பெரும் விலை கொடுத்து ஆட்களை வாங்கியதால் ‘மில்லியனேர்கள்’ என்று பட்டப்பெயர். போகா ஜூனியர்ஸ், இன்டிபென்டியன்டே, ரேசிங், சான் லொரென்சோ, ரிவர் ஆகிய ஐந்தையும் ‘ஐந்து பெரியவர்கள்’ என்பார்கள். 2011 ஜூன் வரை இந்த ஐந்தில் கீழே இறங்காதவை மூன்று: போகா, ரிவர், இன்டிபென்டியன்டே.

அப்படிப்பட்ட அணி எப்படிக் கீழே இறங்கியது? அந்த வருஷம் அவ்வளவு மோசமாகவா ஆடினார்கள்?

இல்லை. அதுதான் பலருக்கும் புரியாத இடம். 2010-11 சீசனில் ரிவர் எடுத்தது 57 புள்ளிகள். 20 அணிகள் இருக்கும் லீக்கில் அந்த ஒரு சீசனை மட்டும் பார்த்தால் பட்டியலின் மேல்பாதியில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் அர்ஜென்டினாவில் அப்போது யார் கீழே போவது என்பதை ஒரு சீசனை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. ‘புரோமேதியோ’ என்று ஒரு கணக்கு உண்டு. புரோமேதியோ என்றால் சராசரி. கடந்த மூன்று சீசன்களில் எடுத்த மொத்தப் புள்ளிகளை, ஆடிய மொத்த ஆட்டங்களால் வகுப்பார்கள். ரிவரின் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2008-09 சீசனில் 41, 2009-10 சீசனில் 43, 2010-11 சீசனில் 57. மொத்தம் 141. ஆடியது 114 ஆட்டங்கள். வகுத்தால் 1.236 சொச்சம். அந்த எண் அவர்களை 17-ஆம் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 17-ஆம் இடம் என்றால் நேரடியாக இறக்கம் கிடையாது. இரண்டாம் பிரிவில் நல்ல இடம் பிடித்த ஓர் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்க வேண்டும்.

ஆக, கொன்றது 57 இல்லை. அந்த 41-உம் 43-உம்தான். அப்போது அரைச் சீசனுக்கு ஒரு பட்டம். 2008-இன் முதல் பாதியில் டியகோ சிமியோனே பயிற்சியில் பட்டம் ஜெயித்த அணி, அடுத்த அரைச் சீசனிலேயே 14 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போனது. அந்த நேரத்தில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. கிளப்பின் கடன் ஏறிக்கொண்டே போனது. இளம் ஆட்டக்காரர்கள் வந்த வேகத்தில் விற்கப்பட்டார்கள். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட முடியாது, மூன்று வருஷமாகச் சறுக்கிக்கொண்டே இருந்த யானை இது. பழைய பாக்கி வட்டியோடு வந்து 2011 ஜூனில் கதவைத் தட்டியது.

இந்தச் சராசரி முறையை யார், எதற்குக் கொண்டுவந்தார்கள்?

1981-இல் சான் லொரென்சோ கீழே இறங்கியது. ஐந்து பெரியவர்களில் முதல் வீழ்ச்சி அதுதான். 1983-இல் இந்தச் சராசரிக் கணக்கு வந்தது. ஒரே ஒரு மோசமான வருஷத்தால் பெரிய கிளப்புகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே கொண்டுவந்தார்கள் என்று அன்று முதல் இன்று வரை பேசப்படுகிறது.

அந்த 1983-இல் என்ன நடந்தது தெரியுமா? 19 அணிகளில் ரிவர் பிடித்தது 18-ஆம் இடம். பழைய முறை இருந்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பார்கள். புதிய சராசரிக் கணக்கு காப்பாற்றிவிட்டது. அதே கணக்கில் அந்த வருஷம் மாட்டியது இன்னொரு பெரிய அணியான ரேசிங். 28 வருஷம் கழித்து அந்தக் கணக்கு ரிவரிடமும் வந்தது.

பெல்கிரானோவுக்கு எதிரான அந்த இரண்டு ஆட்டங்களில் என்ன நடந்தது?

பெல்கிரானோ என்பது கோர்டோபா நகரத்து அணி. அந்த வருஷம் இரண்டாம் பிரிவில் நான்காவதாக வந்தவர்கள். பயிற்சியாளர் ரிக்கார்டோ சியெலின்ஸ்கி.

முதல் ஆட்டம் 2011 ஜூன் 22, கோர்டோபாவில். ரிவரின் பராகுவே தடுப்பாட்டக்காரர் அடால்பெர்டோ ரோமான் பந்தைக் கையால் தொட்டுவிட, பெனால்டி, கோல். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் இன்னொரு கோல். 2-0. நடுவில் முகத்தை மூடிக்கொண்ட சில ரிவர் ரசிகர்கள் வேலியை அறுத்து மைதானத்துக்குள் ஓடிவந்து, சொந்த அணியின் ஆட்டக்காரர்களையே பிடித்துத் தள்ளித் திட்டினார்கள். ஆட்டம் சற்று நேரம் நின்றது.

இரண்டாம் ஆட்டம் ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை, ரிவரின் சொந்த மொனுமென்டல் அரங்கத்தில். இரண்டு ஆட்டங்களின் கோல்களும் சமமானால் மேல் பிரிவு அணி அங்கேயே தங்கலாம் என்பது விதி. ஆக, ரிவருக்குத் தேவை இரண்டு கோல் வித்தியாசத்தில் ஒரு வெற்றி. ஆறாவது நிமிடத்திலேயே மரியானோ பவோனே அடித்துவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று, 84 நிமிடம் இருக்கிறது!

அந்த ஒன்று வரவில்லை. இரண்டாம் பாதியில், ரிவரின் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக் குழம்பிய ஒரு நொடியில், கியேர்மோ ஃபாரே பந்தை வலைக்குள் தள்ளினார். 1-1. கொஞ்ச நேரத்தில் ரிவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதே பவோனே. பெல்கிரானோ கோல்கீப்பர் ஹுவான் கார்லோஸ் ஒலாவே தடுத்துவிட்டார். அந்தப் படக்காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பந்து தடுக்கப்பட்டவுடன் கூட்டத்திலிருந்து எழும் சத்தத்தைக் கேளுங்கள். கோபம் இல்லை, ஓலம்.

முழு நேரம் ஆவதற்குச் சற்று முன்பே இருக்கைகளும் கம்பிகளும் பறக்க ஆரம்பித்தன. போலீஸ் தண்ணீர் பீய்ச்சியது. நடுவர் செர்ஜியோ பெசோட்டா ஆட்டத்தை நிறுத்தினார், பிறகு தொடரவே இல்லை. ரிவர் ஆட்டக்காரர்கள் வெளியே போக வழியில்லாமல் மைதானத்தின் நடுவட்டத்தில் நின்றார்கள், சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். பலர் சட்டையால் முகத்தை மூடி அழுதார்கள். அன்றைய பயிற்சியாளர் ஹோட்டா ஹோட்டா லோபெஸ், 70-களில் அதே மைதானத்தில் ரிவருக்காகப் பட்டங்கள் ஜெயித்தவர். கிளப் தலைவர் டேனியல் பசரெல்லா, 1978-இல் அதே மைதானத்தில் அர்ஜென்டினா கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். இப்படி ஒரு நாளை இவர்கள் இருவரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே மொனுமென்டலில் ஒரு மாதம் ஆவதற்குள், ஜூலை 24-ஆம் தேதி, தென் அமெரிக்க நாடுகள் மோதும் கோப்பா அமெரிக்காவின் இறுதி ஆட்டம் நடந்தது. உருகுவே பராகுவேயை 3-0 என்று ஜெயித்தது.

விதியையே மாற்றி ரிவரைக் காப்பாற்றப் பார்த்தார்களாமே?

அப்படித்தான் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். 2011 ஜூலை கடைசியில், ஹூலியோ கிரொண்டோனா தலைமையிலான அர்ஜென்டினா கால்பந்துச் சங்கம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. 2012 முதல் முதல் பிரிவையும் இரண்டாம் பிரிவையும் சேர்த்து 38 அணிகள் ஆடும் ஒரே போட்டி. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் சில நாட்களில் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதாயிற்று. பின்வாசல் வழியாக வந்திருந்தால் அந்த அவப்பெயர் இன்றுவரை கூடவே வந்திருக்கும்.

அந்த சீசனில் மொத்தம் எத்தனை அணிகள்? யார் யார்?

20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள், ஒரே நீளமான பட்டியல். முதல் இரண்டு இடத்துக்கு நேரடி உயர்வு. மூன்றாம், நான்காம் இடங்களுக்கு, மேல் பிரிவில் தத்தளிக்கும் இரண்டு அணிகளோடு தலா இரண்டு ஆட்டம் ஆடி மேலே போக ஒரு வாய்ப்பு.

ரிவரோடு சேர்ந்து அந்த வருஷம் இறங்கியவை கில்மெஸ், உராக்கான், லா பிளாட்டா நகரத்து கிம்னாசியா. அதற்கு முந்தைய வருஷமே இறங்கிவிட்ட ரொசாரியோ சென்ட்ரல் காத்துக்கொண்டிருந்தது. கோர்டோபாவின் இன்ஸ்டிடூட்டோ, ஒரு காலத்தில் முதல் பிரிவுப் பட்டம் ஜெயித்த ஃபெர்ரோ, சகாரிடா என்று பழைய பெயர்கள் இன்னும் பல. இன்னொரு பக்கம் கொரியன்டெஸின் போகா யுனிடோஸ், பட்டகோனியக் கடற்கரையில் புவெர்டோ மாட்ரினின் கியேர்மோ பிரவுன், சான் ஹுவானின் டெசாம்பராடோஸ் போன்ற அணிகள். ரிவரோடு ஒரே பட்டியலில் தங்கள் பெயர் வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, டிஃபென்சா இ ஹுஸ்டிசியா. அன்று முதல் பிரிவையே பார்த்திராத சிறிய கிளப். 2014-இல் மேலே வந்து, 2021 ஜனவரியில் தென் அமெரிக்க கிளப்புகளின் இரண்டாவது பெரிய கோப்பையான கோப்பா சுடமெரிக்கானா ஜெயித்தது. பயிற்சியாளர் ரிவரின் பழைய ஆட்டக்காரர் எர்னான் கிரெஸ்போ. இன்னொன்று, பரானா நகரத்து பட்ரொனாட்டோ. 2022-இல் ரிவரையும் போகாவையும் வெளியேற்றிவிட்டு, உள்நாட்டுக் கோப்பையான கோப்பா அர்ஜென்டினா ஜெயித்தது. அதே மாதம் அந்தச் சராசரிக் கணக்கால் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. இரண்டாம் பிரிவு என்றால் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டு கிளப்புகளையும்தான் காட்டுவேன்.

பயிற்சியாளர் அல்மேய்டா யார்? அனுபவமே இல்லாதவரை ஏன் வைத்தார்கள்?

மத்தியாஸ் அல்மேய்டா, இறங்கிய அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த நடுக்கள ஆட்டக்காரர். வயது 37. இத்தாலியில் லாசியோவில் பெயர் வாங்கி, ஓய்வு பெற்று, பிறகு 2009-இல் ரிவருக்காக மறுபடி களமிறங்கியவர். 2011 மே மாதம் பரம எதிரி போகாவின் மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறும்போது, திட்டித் தீர்த்த போகா கூட்டத்தின் முன்னால் நின்று தன் சட்டைச் சின்னத்தை முத்தமிட்டார். ரிவர் ரசிகர்கள் இன்றும் பேசும் காட்சி அது.

இறங்கிய சில நாட்களுக்குள் அவர் காலணியைக் கழற்றிவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன்பு ஓர் அணியையும் பயிற்றுவித்ததில்லை. சரி, ஏன் அவர்? என் கணிப்பு இதுதான்: அந்த நேரத்தில் ரிவருக்குத் தந்திரம் தெரிந்தவரைவிட, அந்த அவமானத்தைத் தன் சொந்த அவமானமாக உணர்ந்தவர் தேவைப்பட்டார். அவருடைய தந்திரங்களில் குறை சொல்ல நிறைய உண்டு. முன்னால் ஆட்களைக் குவித்துவிட்டு நடுவில் ஓட்டை விட்ட நாட்கள் உண்டு. ஆனால் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தும், சொல்லவில்லை.

யார் யார் திரும்பி வந்தார்கள்?

கோல்கீப்பர் கரீசோ, பவோனே, லமேலா, புவனனோட்டே என்று பலர் கிளம்பிவிட்டார்கள். ரோமா லமேலாவை வாங்கியது. அந்த நேரத்தில் இரண்டு பேர் எதிர்த்திசையில் வந்தார்கள்: பெர்னாண்டோ கவெனாகி, அலெஹான்ட்ரோ ‘சோரி’ டொமிங்கெஸ். இருவரும் முன்பு ரிவரில் ஆடிவிட்டு வெளிநாடு போனவர்கள். அணி உச்சியில் இருக்கும்போது திரும்பி வருவது வேறு. இரண்டாம் பிரிவு என்று தெரிந்தே வருவது வேறு. கவெனாகி அந்த சீசனில் 19 கோல் அடித்தார்.

பாதி சீசனில் வந்தவர் டேவிட் ட்ரெசெகே. 1998-இல் பிரான்சுக்காக உலகக் கோப்பை ஜெயித்தவர், 2000 யூரோ இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராகத் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தை முடித்துவிடும் கோல்) அடித்தவர், யுவென்டஸில் பத்து வருஷம் ஆடியவர். ஆனால் வளர்ந்தது புவனஸ் அயர்ஸில், சின்ன வயதிலிருந்தே ரிவர் ரசிகர். 34 வயதில் அர்ஜென்டினா இரண்டாம் பிரிவுக்கு வந்தார். 13 கோல் அடித்தார். அதே ஜனவரியில் லியொனார்டோ பொன்சியோவும் ஸ்பெயினிலிருந்து திரும்பினார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களில் லூகாஸ் ஒகாம்போஸ். முதல் ஆட்டத்திலேயே, ஆகஸ்ட் 16-இல் சகாரிடாவை 1-0 என ஜெயித்த அன்று, 17 வயதில் அறிமுகமானார். அடுத்த வருஷம் மொனாக்கோ வாங்கியது. அன்று மொனாக்கோவும் பிரான்சின் இரண்டாம் பிரிவில்தான் இருந்தது!

இவ்வளவு ஆட்கள் இருந்தால் சுலபமாக ஜெயித்திருப்பார்களே?

இல்லவே இல்லை. கடைசிக் கணக்கு: 20 வெற்றி, 13 டிரா, 5 தோல்வி, 73 புள்ளி. இரண்டாம் இடம் பிடித்த கில்மெஸுக்கு 72. ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

அந்த 13 டிராக்களைப் பாருங்கள், கதை புரியும். எதிரணிகளுக்கு ரிவரோடு ஆடும் நாள்தான் அந்த வருஷத்தின் திருவிழா. சிறிய மைதானம், நெருக்கிய வேலி, கரடுமுரடான புல், தங்கள் வாழ்நாளின் பெரிய ஆட்டத்தை ஆடும் பதினொரு பேர். பத்துப் பேரும் பின்னால் நின்று தடுத்தால் பந்து எங்கே போகும்? போதாக்குறைக்கு, ஒவ்வொரு டிராவுக்குப் பிறகும் மறுநாள் நாடு முழுக்க “மேலே வருவார்களா, மாட்டார்களா” என்ற விவாதம். 2009 முதல் அரசே கால்பந்தை இலவசமாகத் தொலைக்காட்சியில் காட்டியதால், ரிவரின் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் வீட்டுக்கு வீடு ஓடின. தடுமாறியதை மறைக்கவே வழியில்லை.

வெளியூர் ஆட்டங்களுக்கு ரிவர் ரசிகர்கள் போக முடிந்ததா?

முறைப்படி முடியாது. 2007-இல் ஓர் ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் வன்முறையில் இறந்த பிறகு, கீழ்ப் பிரிவுகளில் வெளியூர் அணி ரசிகர்களுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. ஆனால் ரிவருக்கு எல்லா மாகாணத்திலும் ரசிகர்கள் உண்டு. தலைநகருக்கு ஒரு தரம்கூட வராத, வானொலியில் மட்டுமே ரிவரைக் கேட்டு வளர்ந்த தாத்தாக்கள் இருக்கும் ஊர்கள் அவை. அணி அவர்கள் ஊருக்கே வந்து இறங்கியது. தங்கள் ஊர் மைதானத்தில் ரிவரைப் பார்த்தது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த சீசனில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பின்னாளில் யுவென்டஸில் புகழ்பெற்ற பாவ்லோ டிபாலா அந்த லீக்கில் ஆடினாரா?

ஆடினார், அதுவும் அறிமுக சீசன். கோர்டோபா மாகாணத்தில் லகுனா லார்கா என்ற சிறிய ஊர்க்காரர். சிறு வயதில் தந்தையை இழந்து, இன்ஸ்டிடூட்டோ கிளப்பின் விடுதியில் தங்கி வளர்ந்ததால் ‘விடுதிப் பையன்’ என்றே அழைத்தார்கள். 17 வயதில் தொடங்கி, ஓர் ஆட்டம் விடாமல் 38-லும் ஆடி, 17 கோல். அந்தக் கிளப்பின் மிக இளைய கோல்காரர் என்ற, 1978 உலகக் கோப்பை நாயகன் மரியோ கெம்பெஸின் பழைய சாதனையையும் தாண்டினார். தாரியோ ஃபிராங்கோ பயிற்றுவித்த அந்த இன்ஸ்டிடூட்டோ, பார்க்கப் பார்க்க அலுக்காத ஆட்டம் ஆடியது. யாரையும் கேளுங்கள், அந்த வருஷம் அழகாக ஆடிய அணி எது என்றால் ரிவரைச் சொல்ல மாட்டார்கள்.

கடைசி நாளில் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய வாரம் பட்ரொனாட்டோவிடம் ரிவர் 1-0 என்று தோற்றது. கையில் 70 புள்ளி, மீதி ஓர் ஆட்டம். ரசிகர்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது.

2012 ஜூன் 23, மொனுமென்டல். எதிரணி அல்மிராந்தே பிரவுன். அவர்களுடைய பயிற்சியாளர் பிளாஸ் ஹியுன்டா, போகாவில் ஆடிப் புகழ்பெற்றவர். முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் ட்ரெசெகே அடித்தார். பிறகு அவரே ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். ஒரு வருஷம் முன்பு அதே மைதானத்தில் தவறிய பெனால்டியை நினைக்காத ஆள் அன்று அங்கே இருந்திருக்க முடியாது. 1-0 என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்று ரிவருக்குத் தெரியும். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ட்ரெசெகே இரண்டாவதையும் அடித்தார். 2-0. ஒரு வருஷம் முன்பு தேவைப்பட்ட அதே ஸ்கோர்!

2011 ஜூன் 26 முதல் 2012 ஜூன் 23 வரை எண்ணினால் 363 நாட்கள். ரிவர் ரசிகர்கள் அந்த எண்ணை மறப்பதே இல்லை.

மற்ற அணிகளுக்கு என்ன ஆனது?

கில்மெஸ் நேரடியாக மேலே போனது. அதன் பயிற்சியாளர் ஒமர் டி ஃபெலிப்பே, இளைஞராக 1982 மால்வினாஸ் (ஃபாக்லாந்து தீவுகள்) போரில் சிப்பாயாக இருந்தவர். இன்ஸ்டிடூட்டோவும் ரொசாரியோ சென்ட்ரலும் அடுத்த இரண்டு இடங்களைப் பிடித்து, மேல் பிரிவு அணிகளோடு மோதின. சென்ட்ரல், சான் ஹுவானின் சான் மார்ட்டினோடு இரண்டு ஆட்டத்திலும் 0-0. சமமானால் மேல் அணிக்குத்தான் இடம் என்ற அதே விதியால் கீழேயே நின்றது. அடுத்த வருஷம் ஏறிவிட்டது. இன்ஸ்டிடூட்டோ சான் லொரென்சோவிடம் சொந்த ஊரில் 2-0 என்று தோற்று, மறு ஆட்டத்தில் 1-1 டிரா செய்து வாய்ப்பை இழந்தது. டிபாலா இத்தாலிக்குப் பறந்தார். கிளப் முதல் பிரிவில் மறுபடி ஆட 2023 வரை காத்திருந்தது. மேல், கீழ் அணிகள் மோதும் அந்த முறையையும் அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

போகா ரசிகர்கள் பேய் வேஷம் போட்டு வந்தது எதனால்?

ரிவர் சராசரியில் சரிய ஆரம்பித்தபோதே ‘லா பே’யின் பேய் துரத்துகிறது என்று பேச்சு உண்டு. இறங்கிய பிறகு போகா ரசிகர்கள் வெள்ளைத் துணியைப் போர்த்தி, மார்பில் அந்த எழுத்தை எழுதிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். இன்றும் வருகிறார்கள். ரிவர் கீழே இருந்த சீசனில் போகா ஒரு தோல்விகூட இல்லாமல் 2011 அபெர்டூரா (முதல் அரைச் சீசன்) பட்டத்தை ஜெயித்தது, 2012 லிபர்டடோரெஸ் இறுதி வரை போனது. எதிரி வீட்டில் விருந்து நடக்கும்போது நாம் ரேஷன் வரிசையில் நிற்பது போலத்தான் ரிவருக்காரர்களுக்கு இருந்திருக்கும். லீக்கில் இரு அணிகளும் மறுபடி மோதியது 2012 அக்டோபர் 28-இல், ஆட்டம் 2-2.

மேலே கொண்டுவந்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது?

இதைச் சொல்லும்போது இன்னும் மனசு கேட்பதில்லை. மேலே ஏறிய சில வாரங்களிலேயே கவெனாகி, டொமிங்கெஸ் இருவருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேண்டியபோது கூப்பிடாமலே வந்தவர்கள், வேலை முடிந்ததும் வெளியே. கவெனாகி ஸ்பெயினில் அப்போதுதான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த வியாரியலுக்குப் போனார். அல்மேய்டாவும் அதே நவம்பரில் விலக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு அந்த அணியிலிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ரமோன் டியாஸ் பயிற்சியில் 2014-இல் லீக் பட்டம். அப்புறம் பயிற்சியாளராக மார்செலோ கயார்டோ வந்தார், காலம் மாறியது. கவெனாகி 2014-இல் திரும்பி வந்து, 2015 ஆகஸ்டில் லிபர்டடோரெஸ் கோப்பையைத் தூக்கிவிட்டு விடைபெற்றார். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த மூவரில் இருவர், உருகுவேயின் கார்லோஸ் சான்செஸும் ரமீரோ ஃபுனெஸ் மோரியும், இரண்டாம் பிரிவில் ரிவருக்காக ஆடியவர்கள்.

2018 டிசம்பர் 9, மாட்ரிட். லிபர்டடோரெஸ் இறுதி ஆட்டத்தில் ரிவர் போகாவை 3-1 என்று ஜெயித்தது. தடுப்பில் நின்றவர் ஹொனாதன் மைதானா. 2011-இல் இறங்கிய அணியிலும் இருந்தவர், இரண்டாம் பிரிவிலும் ஆடியவர், கிளம்பாமல் அங்கேயே நின்றவர். கையில் கேப்டன் பட்டையோடு ஆடியவர் பொன்சியோ. 2012 ஜனவரியில், அணி கீழே கிடந்தபோது ஸ்பெயினை விட்டு வந்த அதே பொன்சியோ.